அப்பாவின் .303 ரைபிள்: அனுமதிப்பத்திரம் அவர் பெயரில், போல்ட் அசையவில்லை, பெரலில் துரு. என்ன செய்யலாம்?

ஹப்புத்தளை_மகள்:

வணக்கம். அப்பா இலங்கை இராணுவத்தில் காலாட்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாசி மாதம் காலமானார். அவர் பெயரில் ஒரு பழைய .303 ரைபிள் வீட்டில் இருக்கிறது. இராணுவம் கொடுத்தது இல்லை. தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது அப்பா அனுமதிப்பத்திரம் எடுத்து முறையாக வாங்கியது. அந்தப் பற்றுச்சீட்டும் அனுமதிப்பத்திரப் புத்தகமும் இருக்கின்றன. கடைசிப் புதுப்பிப்பு போன டிசம்பர் 31 வரைக்கும்தான். அப்பா படுக்கையில் இருந்ததால் இந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கவில்லை.

கன்வஸ் உறையில் போட்டு, அடுப்படிக்கு மேலே பரணில் வைத்திருந்தார்கள். முனைப் பக்கம் செம்மண் மாதிரி துரு. கட்டையில் வெள்ளையாகப் பூஞ்சணம். பின்பக்கப் பித்தளைத் தகடு பச்சை பூத்துவிட்டது. போல்ட்டை, அதாவது தோட்டா ஏற்றத் தூக்கி இழுக்கிற கைப்பிடிப் பூட்டை, பிடித்துத் தூக்கினால் அசையவே இல்லை. கூடவே ஒரு தகர டப்பாவில் தோட்டாக்கள், சிலதில் பச்சைப் பொடி.

அண்ணனுக்கும் எனக்கும் இதை விற்கும் எண்ணம் இல்லை. அப்பாவின் ஞாபகமாக வீட்டிலேயே இருக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? துருவைச் சுத்தம் செய்துவிட்டு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகலாமா, இல்லை அப்படியே கொண்டுபோக வேண்டுமா?


பழைய_இரும்பு:

தங்கச்சி, பத்திர விஷயத்தைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் அந்தப் போல்ட்டைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான்.

போல்ட் திறக்காத ரைபிள் குண்டு ஏற்றிய ரைபிள் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. சுத்தியலால் தட்டுவது, கைப்பிடியில் குழாயை மாட்டி நெம்புவது, கேஸ் டோர்ச்சால் சூடாக்குவது, மூன்றும் கூடாது. சூடு என்றால் உள்ளே இருக்கிற தோட்டா தானாகவே வெடிக்கும். விசையைத் தொட வேண்டாம். முனை, ஆள் நடமாட்டம் இல்லாத மண் சுவர்ப் பக்கம் பார்க்கிற மாதிரி கிடத்தி, அறையைப் பூட்டுங்கள்.

பழைய .303 என்றால் பெரும்பாலும் லீ-என்ஃபீல்ட் ரகம். அதில் போல்ட் இறுகுவதற்குத் துரு மட்டும் காரணம் இல்லை. இடது பக்கம் பின்னால் ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும், அதுதான் சேஃப்டி. அது பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் பூட்டிய நிலை, போல்ட் தூக்க வராது. இன்னொரு காரணம், போல்ட்டின் வால் போல நீட்டிக்கொண்டிருக்கிற கொக்கிங் பீஸ் பாதித் தூரத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது. அந்த அரைநிலையிலும் போல்ட் பூட்டிக்கொள்ளும், விசையும் வேலை செய்யாது. இதைத் தெரிந்துகொண்டு நீங்களே விடுவிக்கப் பார்க்காதீர்கள். சேஃப்டியை விடுவிக்கிற நேரம்தான் குண்டு ஏறிய துப்பாக்கி சுடத் தயாராகிற நேரம். பொலிஸ்காரர் வரும்போது நெம்புகோல் எந்தப் பக்கம் நிற்கிறது, வால் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று சொல்லுங்கள். ஆயுதம் தெரிந்த ஒருவருக்கு அது போதும்.

டப்பாவைப் பற்றி. .303 மார்க் 7 தோட்டாவுக்குள் இருப்பது பெரும்பாலும் கோர்டைட். கஞ்சி நூல் மாதிரி நீளக் குச்சிகள், நைட்ரோகிளிசரின் கலந்தது. அடுப்புச் சூட்டில் பல வருடம் கிடந்தால் அது கெட்டுப்போகும். பச்சைப் பொடி என்பது பித்தளைக் கூடு அரிக்கப்பட்டதன் அடையாளம். துடைக்க வேண்டாம், எண்ணெய் போட வேண்டாம், எண்ணிப் பார்க்கிறோம் என்று மேசையில் கொட்ட வேண்டாம். டப்பாவை அடுப்படியில் இருந்து குளிர்ந்த, பூட்டக்கூடிய இடத்துக்கு மெதுவாக மாற்றினால் போதும். தேயிலை மலையில் வடிகானுக்குள் போடுவதும், குழி தோண்டிப் புதைப்பதும் நடக்கிறது. பிறகு மண்வெட்டி அடிக்கிறவன் கண்ணில் படும், பிள்ளைகள் கையில் அகப்படும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.


கச்சேரி_வாசல்:

ஆழ்ந்த அனுதாபங்கள் சகோதரி.

துப்பாக்கி வைத்திருப்பதை நம் நாட்டில் கட்டுப்படுத்துவது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996 இல் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்து தண்டனைகளைக் கடுமையாக்கியது. இதில் குடும்பங்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்றுதான்: அனுமதிப்பத்திரம் துப்பாக்கிக்குக் கொடுப்பது இல்லை, ஆளுக்குக் கொடுப்பது. காணி மாதிரி, தங்கம் மாதிரி அது பிள்ளைகளுக்கு இறங்கி வராது. ரைபிளின் பெறுமதி மரபுரிமையில் வரலாம், வைத்திருக்கிற உரிமை வராது. உங்கள் விஷயத்தில் அப்பா இருக்கும்போதே ஜனவரியில் புத்தகம் காலாவதி ஆகிவிட்டது. ஆகவே நாள் கடத்தாமல் இந்த வாரத்துக்குள் தெரியப்படுத்துங்கள். நாமாகவே முன்வந்து எழுத்தில் சொன்ன வீட்டுக்கும், சோதனையில் அகப்பட்ட வீட்டுக்கும் நடத்துகிற விதம் வேறு.

முதல் தடவை ரைபிளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பஸ்ஸிலோ ஓட்டோவிலோ, சாக்கில் சுற்றிக் கொண்டுபோனாலும், அனுமதி இல்லாத துப்பாக்கியை வீதியில் கொண்டுபோவதுதான் அது. இடையில் ஒரு சோதனைச் சாவடி போதும். அண்ணன் காகிதங்களோடு மட்டும் போகட்டும்: மரண அத்தாட்சிப்பத்திரம், அனுமதிப்பத்திரப் புத்தகம், வாங்கிய பற்றுச்சீட்டு, அப்பாவினதும் அண்ணனினதும் அடையாள அட்டை, ஓய்வூதியக் காகிதம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடக் கடிதம். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. கூடவே பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம். அதில் நான்கு விஷயம் தெளிவாக இருந்தால் போதும்: யாருடையது, அவர் எப்போது காலமானார், இப்போது எங்கே பூட்டி வைத்திருக்கிறோம், போல்ட் திறக்கவில்லை என்பதால் வந்து பொறுப்பேற்கக் கேட்கிறோம். தோட்டா டப்பாவையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். மறந்துவிட்டு ஒரு மாதம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் தேவையில்லாத கேள்வி வரும்.

கடிதத்தைக் கொடுத்ததும் பதிவுப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, பதிவு இலக்கத்தையும் திகதியையும் உங்கள் பிரதியில் எழுதி வாங்குங்கள். ரைபிளை எடுக்கும்போது தனிப் பற்றுச்சீட்டு. அதில் வெறுமனே ‘துப்பாக்கி 1’ என்று எழுதினால் ஏற்க வேண்டாம். வகை, விட்டம், உடல் இலக்கம், போல்ட் இலக்கம், மெகசின் இருக்கிறதா, வார் இருக்கிறதா, தோட்டா எத்தனை, எல்லாம் வரவேண்டும். ஒரே களஞ்சிய அறையில் இதே மாதிரி நான்கு இருந்தால் பிறகு எது யாருடையது என்று சொல்வது இந்த வரிகள்தான்.

அதன் பிறகு அண்ணன் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு அது பதுளைக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வழியாகத் தொடங்கும். பிரதேச செயலகத்தில் கேட்டால் படிவத்தை எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். உங்கள் சகோதரர்கள், அம்மா, எல்லாரும் ‘இவர் பெயரில் எடுப்பதில் ஆட்சேபம் இல்லை’ என்று ஒரு சத்தியக்கடதாசி கொடுத்துவிட்டால் அந்தப் பக்கம் இழுபறி வராது. கிடைத்துவிட்டால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், பாதுகாப்பு அமைச்சு அதற்கான காலத்தை அறிவிக்கும்.

ஒன்றை மனந்திறந்து சொல்கிறேன். இது வேட்டைத் துப்பாக்கி இல்லை, இராணுவ ரகம். ஞாபகார்த்தம் என்பது மட்டும் ஒரு காரணமாக ஏற்கப்படும் என்று நம்பி இருக்காதீர்கள். மறுப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே வீட்டில் பேசி வையுங்கள்.


கொழுந்துக்கூடை:

இவ்வளவு அலைச்சல் எதற்கு? டவுனில் லேத் வைத்திருக்கிற யாரிடமாவது கொடுத்துப் பெரலில் ஒரு ஓட்டை போட்டு, போல்ட்டையும் வெல்ட் பண்ணிவிட்டால் அது வெறும் இரும்புதானே? அப்பாவின் படத்துக்குக் கீழே மாட்டி வைக்கலாம்.


கச்சேரி_வாசல்:

இதைச் செய்யவே கூடாது, காரணம் சொல்கிறேன். ஓட்டை போட்டதால் அது துப்பாக்கி இல்லாமல் போய்விட்டது என்று தீர்மானிப்பது லேத்காரரும் இல்லை, நாமும் இல்லை. அனுமதி இல்லாமல் ஒரு துப்பாக்கியில் வேலை செய்வது, அதைக் கடைக்குக் கொண்டுபோவது, கடைக்காரர் அதை வாங்கி வைப்பது, எல்லாமே தனித்தனிச் சிக்கல். அந்தத் தொழிலாளியையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள். போல்ட்டை மட்டும் கழற்றி அலுமாரியில் ஒளித்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதும் இதே ரகம்தான். 2020 பெப்ரவரியில் வந்தது போலப் பொதுமன்னிப்புக் காலம் மறுபடி வரட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதுவரை குற்றம் குற்றமாகவே இருக்கும்.


பழைய_இரும்பு:

இரும்பாகப் பார்த்தாலும் அது பாவம். போல்ட் திறக்காத ரைபிளின் பெரலில் ட்ரில் வைக்கிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வைக்கிறார்.


ஹப்புத்தளை_மகள்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணன் கடிதத்தோடு போனார். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இரும்பு அண்ணா சொன்ன மாதிரியே நெம்புகோல் பின்னால் சாய்ந்துதான் இருந்தது. அவர்களே திறந்தார்கள், பெரலின் பின்னால் தோட்டா நிற்கிற அறைக்குள் ஒன்றும் இல்லை, மெகசினும் வெற்று. ரைபிளும் டப்பாவும் இப்போது நிலையத்தில். பற்றுச்சீட்டில் இலக்கங்கள் எல்லாம் எழுதி வாங்கினோம். விண்ணப்பம் முடிவாகும்வரை களஞ்சியத்தில் இருக்கும், உள்ளே வைக்கும்முன் ஒருநாள் வந்து துடைத்துக் கொடுக்கலாம் என்று பொறுப்பதிகாரி சொன்னார். திங்கட்கிழமை போகிறோம். அந்த ஒரு நாளில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?

அண்ணன் அடையாளங்களையும் எழுதி வந்தார். பின்கட்டை தொடங்குகிற இடத்தில் இருக்கிற இரும்பு வளையத்தின் வலது பக்கம் ஒரு கிரீடம், ‘ஜி.ஆர்.’, ‘பி.எஸ்.ஏ. கோ.’, 1917, கீழே மூன்று கோடும் ஒரு நட்சத்திரமும். போல்ட் கைப்பிடி இலக்கமும் உடல் இலக்கமும் ஒன்று, முன்மூக்கில் இருப்பது வேறு. இரண்டு அம்புக்குறிகள் முனையோடு முனை முட்டுகிற மாதிரி ஒரு முத்திரை. பின்கட்டையில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு பித்தளை வில்லை, அதில் தேய்ந்துபோய் ‘சி.பி.ஆர்.’ வரைக்கும் தெரிகிறது.


பழைய_இரும்பு:

அருமையாக எழுதி வந்திருக்கிறார் அண்ணன். இது ஷோர்ட் மகசின் லீ-என்ஃபீல்ட் மார்க் 3 ஸ்டார். பர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ் தொழிற்சாலையில் 1917 இல் செய்தது. ஜி.ஆர். என்பது ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முத்திரை. இதே ரகத்துக்கு 1926 இல் நம்பர் 1 என்று பெயர் மாற்றினார்கள், ஆகவே இரண்டு பெயரும் ஒன்றுதான். அப்பா படையில் கையாண்டிருக்கக்கூடிய நம்பர் 4 வேறு. அதில் பெரல் முனை கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், குறிபார்க்கிற பின்குறி கண்ணுக்குப் பக்கத்தில் துளையாக இருக்கும். உங்களுடையதில் முன்மூக்குப் பெரல் முனையை மூடி மொட்டையாக நிற்கும், பின்குறி பெரலின் மேல் நடுவாக்கில் இருக்கும்.

அந்த நட்சத்திரத்துக்குப் பொருள் இருக்கிறது. முதலாம் உலகப் போர் நடுவில் அவசரத்துக்காகச் சில வேலைகளை விட்டுவிட்டார்கள்: மெகசினை மறைக்கிற தகடு, கட்டையின் இடது பக்கம் தூரத்துக்குக் குறிபார்க்கிற வட்டத் தகடு, இப்படி. பின்கட்டை வில்லையையும் 1916 க்குப் பிறகு பெரும்பாலும் போடவில்லை. ஆகவே 1917 ரைபிளில் வில்லை இருப்பது, பின்கட்டை வேறொரு பழைய ரைபிளில் இருந்து வந்திருக்கலாம் என்று காட்டுகிறது. முன்மூக்கு இலக்கம் வேறாக இருப்பதும் அதோடு ஒத்துப்போகிறது. பட்டறையில் பழுது பார்க்கும்போது இப்படி மாற்றுவது வழக்கம், குறை என்று நினைக்க வேண்டாம். முக்கியம் போல்ட்டும் உடலும் ஒன்றாக இருப்பது. அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தித்தான் செய்தார்கள், அது உங்களிடம் இருக்கிறது.

வில்லையில் நான்காவது எழுத்து ‘சி.’ ஆக இருந்தால் அது சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர். வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரின் தொண்டர் படை, 1900 இல் தொடங்கியது, தலைமையகம் கண்டியில். 1914 இல் இவர்களில் ஒரு பகுதி எகிப்துக்குப் போய், அடுத்த ஆண்டு கலிப்பொலியில் இருந்தது. 1949 இல் படையைக் கலைத்தார்கள். ஒரு துரையிடம் இருந்து வந்தது என்று நீங்கள் சொல்வதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் வில்லை ஒரே ஒரு திருகாணியில் நிற்பது, யாரும் மாற்றலாம். அதை மட்டும் வைத்துச் சரித்திரம் எழுதிவிட முடியாது.

உங்களுக்கு அதைவிடப் பெறுமதியானது முட்டிக்கொள்கிற அந்த இரண்டு அம்பு. ஒற்றை அம்பு அரசாங்கச் சொத்து என்பதன் அடையாளம். எதிரெதிராக இரண்டு என்றால் சேவையில் இருந்து விலக்கி விற்றது. பற்றுச்சீட்டோடு அந்த முத்திரையின் படத்தையும் விண்ணப்பத்தில் வையுங்கள். படைவீரர் வீட்டில் இராணுவ ரைபிள் என்றதும் ‘களஞ்சியத்தில் இருந்து வந்ததா’ என்ற சந்தேகம் எழுவது இயல்பு, அதற்கான பதில் அந்த இரும்பிலேயே இருக்கிறது.

இனித் திங்கட்கிழமை வேலை. அன்றைக்கு நோக்கம் சுத்தம் இல்லை, துரு மேலும் ஏறாமல் நிறுத்துவது. களஞ்சிய அறையில் எத்தனை மாதம் கிடக்குமோ தெரியாது.

கொண்டுபோக வேண்டியது: பழைய பனியன் துணி, பருத்திக் கையுறை, ஒரு போத்தல் மண்ணெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், வாஸ்லின் டப்பா ஒன்று, நான்கு பூச்சியம் போட்ட மிக மெல்லிய ஸ்டீல் வூல். டபிள்யூ.டி. 40 கொண்டுபோகலாம், ஈரத்தை விரட்ட நல்லது. ஆனால் அதன் படலம் சீக்கிரம் ஆவியாகிவிடும், அதை மட்டும் நம்பி மூடி வைத்தால் இரண்டு மழைக்குள் திரும்பவும் துரு. எமரி பேப்பர், வினாகிரி, தேசிக்காய், புளி எதுவும் வேண்டாம். அமிலம் துருவோடு சேர்த்துக் கருநீலப் பூச்சையும் தின்னும், பிறகு அந்த வெற்று இரும்பு முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

செந்துரு உள்ள இடத்தில் மண்ணெண்ணெய்த் துணியைப் பத்து நிமிடம் வைத்து ஊறவிடுங்கள். பிறகு எண்ணெய் தொட்ட ஸ்டீல் வூலால், அழுத்தாமல், சிறு சிறு வட்டமாக. துணியில் சிவப்புப் பொடி வருவது நின்றதும் நீங்களும் நிறுத்த வேண்டும். அடியில் கறுப்பாக, சொரசொரப்பாகத் தங்குவது பழைய துரு. அது இரும்பை மூடிக் காக்கிறது, அதைப் பளபளப்பாக்கப் போனால் எழுத்தும் இலக்கமும் போய்விடும். எழுத்துகளின் மேல் ஸ்டீல் வூலே வேண்டாம், துணி மட்டும். கட்டியாக நிற்கிற துருவுக்குச் செம்புக் கம்பியைத் தட்டித் தட்டையாக்கிச் சுரண்டலாம், செம்பு இரும்பைவிட மென்மை என்பதால் கீறல் விழாது. முடிவில் மண்ணெண்ணெய் மிச்சமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

பெரலுக்குள்: போல்ட்டை வெளியே எடுத்துவிட்டால் அறைப் பக்கம் இருந்தே வேலை செய்யலாம், இந்த ரைபிளின் நல்ல குணம் அது. நிலையத்து ஆளையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, போல்ட் தலையை வலது பக்கமாகத் தூக்கிவிட்டால் உருவி வரும். பின்கட்டைத் தகட்டின் சிறு கதவைத் திறந்தால் பித்தளை எண்ணெய்க் குப்பியும், பெரலுக்குள் துணியை இழுக்கிற புல்-துரூ கயிறும் இருக்கலாம். கயிறு இற்றுப்போயிருந்தால் பயன்படுத்தாதீர்கள். பாதியில் அறுந்து துணி உள்ளே சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. புதுக் கயிற்றில் நான்கங்குலம் இரண்டங்குலத் துணித் துண்டு. அறையில் இருந்து முனை நோக்கி, ஒரே இழுப்பாக, நேராக. கயிறு முனையின் ஓரத்தில் உரசினால் அந்த இடம் நீள்வட்டமாகத் தேயும்.

அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் தீப்பொறி எழுப்புகிற கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது உப்பாகத் தங்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் போட்டே வைத்திருந்தும் உள்ளே அரித்துப் போன பெரல்கள் எல்லாம் அப்படித்தான் கெட்டன. ஆகவே முறையான வைத்தியம், அறைப் பக்கம் புனல் வைத்து இரண்டு லீட்டர் கொதிநீர் ஊற்றி, சூடு இருக்கும்போதே உலர்த்தி எண்ணெய் போடுவது. ஆனால் அதை நிலையத்து விறாந்தையில் செய்ய வேண்டாம், தண்ணீர் கட்டைக்குள் இறங்கினால் வேறு தொல்லை. அனுமதிப்பத்திரம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் எல்லா இரும்பிலும் விரல் நுனியால், பெரலுக்குள் துணித் துண்டால், வாஸ்லின் மெல்லிய படலமாக. முனையில் துணியை அடைக்க வேண்டாம், ஈரம் உள்ளே தங்கும். ‘பெரலுக்குள் கிரீஸ் உண்டு’ என்று எழுதி விசை வளையத்தில் ஒரு அட்டை கட்டுங்கள். கன்வஸ் உறையைக் கொடுக்காதீர்கள், அது மூடுபனியை உறிஞ்சி வைத்திருக்கும் துணி. தோல் வார் இருந்தால் கழற்றித் தனியாக வைக்கவும்.

ஒரு திருகாணியையும் கழற்ற வேண்டாம். முக்கியமாக, பித்தளைக் கதவுக்கு உள்ளே நீளத் திருப்புளி விட்டால் பின்கட்டையைப் பிடிக்கிற பெரிய போல்ட் அகப்படும். ‘கட்டை ஆடுகிறது, இறுக்கிவிடலாம்’ என்று யாராவது அதைத் திருப்புவார்கள். அந்த போல்ட்டின் முன்நுனி சதுரம். முன்கட்டையின் பின்புறத்தில் இருக்கிற ஒரு தகட்டுக்குள் அது மாட்டி நிற்கிறது. முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருப்பினால் சதுரம் சுழன்று தகட்டை நெம்பி, முன்கட்டை பிளந்துவிடும். பிளந்த கட்டைகள் நிறைய இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு திருப்பல்.


மரத்தூள்:

இரும்பு அண்ணன் கட்டையை எனக்கு விட்டுவிட்டார் போல. சுருக்கமாகச் சொல்கிறேன்.

பூஞ்சணத்தை வீட்டுக்குள் தட்டக்கூடாது. வெயிலில்லாத வெளி இடத்தில், மூக்கை மூடிக்கொண்டு, மெல்லிய பிரஷால் தள்ளிவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணி. திங்கட்கிழமைக்கு அவ்வளவுதான். வெயிலில் காயவைக்காதீர்கள், நூறு வருடக் கட்டை ஒரே நாளில் வெடித்துவிடும். சிறு துளைகளும் அடியில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் மரவண்டு. நிலையத்தில் சொல்லி, மற்றவற்றில் இருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ரைபிள் கைக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது லின்சீட் எண்ணெய். ஹார்ட்வெயார் கடையில் காய்ச்சினது, காய்ச்சாதது இரண்டும் இருக்கும். காய்ச்சாததைக் கேளுங்கள். காய்ச்சினதில் சீக்கிரம் உலர மருந்து சேர்த்திருப்பார்கள், அது மேலே தோல் மாதிரிப் படிந்துவிடும். முதல் பூச்சுக்கு டர்பன்டைனும் எண்ணெயும் சரிபாதி, வறண்ட மரம் உள்ளே இழுக்கும். அடுத்தவை எண்ணெய் மட்டும். ஒரு தேக்கரண்டி போதும், துணியால் பூசாமல் உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்ற வேண்டும். இருபது நிமிடத்தில் மேலே நிற்கிறதை எல்லாம் துடைத்துவிடுங்கள், விட்டால் பிசுபிசுப்பு ஆறவே ஆறாது. நம்முடைய ஈரத்தில் ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் ஒரு வாரமாவது விடுங்கள். மூன்று, நான்கு பூச்சு.

பயன்படுத்திய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. லின்சீட் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பற்றும். தண்ணீர் வாளியில் போடுங்கள், அல்லது வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். வீட்டில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். அது காயாத எண்ணெய், உள்ளேயே இருந்து சிக்கு வாடை அடித்து, அதே பூஞ்சணத்துக்குச் சாப்பாடாகும், எறும்பும் வரும். வார்னிஷும் வேண்டாம். சாண்ட் பேப்பர் போடவே கூடாது: கட்டையில் மங்கலாகக் குத்தியிருக்கிற வட்ட முத்திரைகள் அரை மில்லிமீற்றர் ஆழம்கூட இல்லை. மரம் இரும்பைவிடத் தாழ்ந்துபோனால் பொருத்தமும் கெடும்.

பின்தகட்டுப் பித்தளையைக் குத்துவிளக்கு மாதிரிப் புளி போட்டு விளக்க ஆசை வரும். அந்தத் தண்ணீர் தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் இறங்கி, உள்ளே இருக்கிற இரும்புத் திருகாணியை அரிக்கும். பச்சையை ஒரு மூங்கில் குச்சியால் சுரண்டி, எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். வில்லையை பிராசோ போட்டுத் தேய்த்தால் அந்த மூன்று எழுத்தும் மிஞ்சாது. எழுத்தைப் படிக்க வேண்டுமானால், இருட்டறையில் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். நான்காவது எழுத்தின் நிழல் விழும்.


ஹப்புத்தளை_மகள்:

டோர்ச் யோசனை மிகவும் உதவும், அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அனுமதி கிடைத்தால் வீட்டில் எங்கே வைப்பது? பரண் கூடாது என்று புரிகிறது. வரவேற்பறைச் சுவரில் ஒரு இரும்பு அலுமாரி பொருத்தலாம் என்று நினைக்கிறோம். கிடைக்காவிட்டால் என்ன வழி என்றும் அம்மா கேட்கிறார்.


பழைய_இரும்பு:

இரும்பு அலுமாரி சரி. சுவரிலும் தரையிலும் போல்ட் அடித்துப் பொருத்துங்கள். ஆனால் வெளிச்சுவரில் வேண்டாம். ஹப்புத்தளையில் ஐப்பசி, கார்த்திகையில் கல்லுச் சுவர் வியர்க்கும், அந்த ஈரம் நேராக அலுமாரிக்குள் வரும். உள்சுவரில், இரண்டங்குலம் இடைவெளி விட்டு. ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானியை உள்ளே வையுங்கள். 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் நல்லது, 65 ஐத் தாண்டினால் பூஞ்சணம் தொடங்கும். அரைக் கிலோ சிலிக்கா ஜெல், நீலம் இளஞ்சிவப்பாக மாறுகிற வகை, துணிப்பையில். நிறம் மாறியதும் ஓவன் அடுப்பில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப நீலமாகும். மெகசினும் போல்ட்டும் வேறு பூட்டில். மாதம் ஒரு தடவை கையுறையோடு எடுத்துத் துடைத்தால் போதும். கை பட்ட இடத்தை அப்படியே விட்டால் விரல் ரேகையின் வடிவத்திலேயே துரு எழும்.

சுடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். உள்ளே குழி விழுந்த 1917 பெரல் அது.


கச்சேரி_வாசல்:

அம்மாவின் கேள்விக்கு. மறுத்துவிட்டால், அரசிடம் ஒப்படைக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அப்பா இருந்த படையணிக்கு எழுதிப் பாருங்கள். அவர் இலங்கை இலகு காலாட்படை என்றால் தலைமையகம் பனாகொடையில். சேவை இலக்கம், சேர்ந்த ஆண்டு, ஓய்வு பெற்ற ஆண்டு, ரைபிளின் படங்கள், வில்லையின் படம், பற்றுச்சீட்டுப் பிரதி எல்லாம் வைத்து, அருங்காட்சியகத்துக்கோ படையணிக் காட்சிக்கோ ஏற்பார்களா என்று கேளுங்கள். ஏற்றால் அதுவும் பொலிஸ், அமைச்சு வழியாகத்தான் கைமாற வேண்டும். நீங்கள் நேரே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. அவருடைய பெயர் எழுதிய அட்டையோடு வைப்பார்களா என்பதைக் கடிதத்திலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எப்படி முடிந்தாலும் திங்கட்கிழமை படம் எடுக்காமல் வராதீர்கள். பொறுப்பதிகாரியிடம் அனுமதி கேட்டு, முழு ரைபிளை இரண்டு பக்கமும், ஒவ்வொரு முத்திரையையும் இலக்கத்தையும் அளவுகோலோடு பக்கத்தில் வைத்து எடுங்கள். இலக்கங்கள் தெரிகிற படங்களை முகநூலிலோ இங்கேயோ போட வேண்டாம். அனுமதிப்பத்திரப் புத்தகத்தின் அசலையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். கேட்டால் பிரதியைக் கொடுங்கள். அசலை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், எடுத்ததாகப் பதிவு இலக்கத்தோடு எழுதி வாங்கிய பிறகு கொடுங்கள்.